மாதச் சுழற்சியும் வெயிலும்: கொங்கு நாட்டில் ஓடும், ஆடும், நடக்கும் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாதவிடாய் நாட்களில் உடம்பு கொதிக்கும், அதனால் ஓடக்கூடாது, கும்மி அடிக்கக்கூடாது என்று சொல்லும் வீடுகள் கோபி, தாராபுரம் பக்கம் இன்னும் இருக்கின்றன. தெர்மாமீட்டர் வேறு கதை சொல்கிறது. பெண்ணின் உடல் வெப்பநிலை கூடியிருப்பது மாதவிடாய்க்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு நாட்களில்தான். இரத்தப்போக்கு தொடங்கிய ஓரிரு நாளில் அது இறங்கிவிடுகிறது. ஆக, அமுச்சி (பாட்டி) உட்கார வைக்கும் நாட்கள் உடல் தணிந்திருக்கும் நாட்கள். கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கும் அந்த முந்தைய நாட்களையோ வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு அந்த நாட்களில் படுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. நாம் பேசுவது ஏறத்தாழ அரை டிகிரி வேறுபாடு. உடல்தகுதியும், வெயிலுக்குப் பழகியிருப்பதும், காற்றும் உடையும் அதைவிடப் பெரிய விஷயங்கள். எது எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டால் நாட்காட்டிக்குப் பயப்படாமல் பயிற்சியைத் திட்டமிடலாம்.

உள்ளே நடப்பது என்ன

சுழற்சி 21 முதல் 35 நாள் வரை இருப்பது இயல்பு. அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். இரத்தப்போக்கின் முதல் நாளிலிருந்து கருமுட்டை வெளிப்படும் வரை முதல் பாதி. அப்போது ஈஸ்ட்ரோஜன் மெல்ல ஏறுகிறது. அது வெப்பநிலையைச் சற்றே தாழ்த்தும் ஹார்மோன். கருமுட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன்பு உடல் மாதத்திலேயே மிகக் குளிர்ந்திருக்கும். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு புரோஜெஸ்டிரோன் பெருகுகிறது. இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் இரண்டு வாரம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ்தான் உடலின் வெப்பக் கட்டுப்பாட்டு அறை. புரோஜெஸ்டிரோன் அங்கே போய், ஏசியில் 24-க்குப் பதிலாக 24.5 வைப்பது போல, இலக்கை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்திவிடுகிறது. வியர்க்கத் தொடங்கும் புள்ளியும், தோலுக்கு இரத்தம் அதிகமாகப் பாயத் தொடங்கும் புள்ளியும் அதே அளவு மேலே நகர்கின்றன.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தொடக்கக் கோடு உயர்கிறது என்பதற்கு வெப்பத்தை வெளியேற்றும் திறன் குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் உடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தை நேரடியாக அளக்கும் சிறப்பு அறை இருக்கிறது. அங்கே நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, வறண்ட வெப்பத்தில் உடற்பயிற்சி செய்யும்போது சுழற்சியின் எந்தப் பாதியில் இருந்தாலும் பெண்கள் வெளியேற்றும் மொத்த வெப்பம் மாறவில்லை என்று கண்டது. இரண்டாம் பாதியில் நீங்கள் 37.0-க்குப் பதில் 37.4-இல் கிளம்புகிறீர்கள், அவ்வளவுதான். மேலே ஏறும் வேகம் ஒன்றே.

அந்த 0.4 எவ்வளவு பெரியது? 55 கிலோ எடையுள்ள பெண் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 440 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பம் கொஞ்சமும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் உடல் சுமார் 8 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். அப்படியானால் 0.4 டிகிரி என்பது மூன்று நிமிட ஓட்டத்தின் வெப்பம். மூன்று நிமிடம் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிறு ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. சித்திரை வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஓடும்போதோ, மைதானத்தில் கபடிப் பயிற்சி நீளும்போதோ தெரியும்.

படி 1: உங்கள் சுழற்சியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுவதாக இருந்தால் நல்லது. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன், காபி குடிப்பதற்கு முன், நாக்குக்கு அடியில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் அளப்பது முக்கியம். பக்கத்திலேயே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: இரவு எப்படித் தூங்கினீர்கள், விழித்ததும் நாடி எவ்வளவு, அன்றைய பயிற்சி எவ்வளவு கடினமாகத் தோன்றியது.

இரண்டு மூன்று சுழற்சி முடிந்ததும் கோடு புலப்படும்: முதல் பாதியில் தாழ்ந்தும், நடுவில் ஒரு படி ஏறி, மாதவிடாய் வரை உயர்ந்தும் நிற்கும். ஃபாரன்ஹீட்டில் பார்ப்பவர்களுக்கு அந்த ஏற்றம் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு வரை. சளி காய்ச்சலும், தூக்கம் கெட்ட இரவும் கோட்டைக் குழப்பும். அந்த நாட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கோடு ஏறவே இல்லையா? அந்த மாதம் கருமுட்டை வெளிப்படாமல் இருந்திருக்கலாம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பொருந்தாது. மாத்திரையில் உள்ள செயற்கை புரோஜெஸ்டிரோனே வெப்பநிலையைச் சற்று உயர்த்தி வைத்திருக்கும். அவர்கள் கீழே வரும் கூடுதல் கவனக் குறிப்புகளை மாத்திரை எடுக்கும் எல்லா நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: உங்கள் ஊரின் வெயிலைப் படியுங்கள்

கொங்கு என்று ஒரே பெயரில் சொன்னாலும் வெயில் ஒன்றல்ல. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையிலான பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வந்து வீசுகிறது. ஈரோடும் கரூரும் அதைவிடப் பலநூறு அடி தாழ்வு. கோடையில் தமிழகத்தின் மிக வெப்பமான இடங்கள் என்று வானிலை அறிக்கை வாசிக்கும்போது கரூர் பரமத்தியின் பெயர் வராத வாரம் குறைவு. கோவையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடுபவரின் அட்டவணையை க.பரமத்தியில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்வது சரிவராது.

தோலின் வெப்பநிலை 33 முதல் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடலின் சூட்டைக் காற்றே வாங்கிக்கொள்ளும். பெண்களுக்கு இதில் ஒரு சிறு சாதகம் உண்டு: சராசரியாக உடல் சிறியது என்பதால் ஒரு கிலோ எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். ஆனால் காற்று 35-ஐத் தாண்டியதும் அதே பரப்பு வழியாக வெப்பம் உள்ளே நுழைகிறது. பிறகு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே ஈரப்பதமும் காற்றும் தெர்மாமீட்டரைவிட முக்கியம். மழை விட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு 24 டிகிரிதான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்து வியர்வை காயாமல் வழியும். கரூர்ப் பக்கத்து வறண்ட காற்றிலோ வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விடுவார்கள். இரண்டுமே ஏமாற்று வேலை.

அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துப் பெண்களுக்குக் கிடைத்த வரம். அதைப் பயன்படுத்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்றின் போக்கிலேயே ஓடினால் அது முதுகோடு சேர்ந்து வரும். உடம்பில் காற்று உரசாது, சூடு தங்கும். உடல் சூடேறிய பின்பாதியில் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருவதால் முதலில் கிழக்கு நோக்கிப் போய், மேற்கு நோக்கித் திரும்புங்கள். திரும்பும்போது வேகம் குறையும், குறையட்டும்.

படி 3: உடல்தகுதியைக் கட்டுங்கள்; மிகப் பெரிய பங்கு இதற்குத்தான்

பெண்களுக்குத் தோலில் செயல்படும் வியர்வைச் சுரப்பிகள் ஆண்களைவிட நெருக்கமாக உள்ளன; ஆனால் ஒவ்வொரு சுரப்பியும் சுரப்பது குறைவு. மிதமான உழைப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தணிப்பதில் வேறுபாடு இல்லை. கடும் உழைப்பு, கடும் வெப்பம் என்று வரும்போதுதான் பெண்ணின் வியர்வை உச்சவரம்பு முதலில் முட்டுகிறது. அந்த உச்சவரம்பை உயர்த்துவது பயிற்சி.

தொடர்ந்து ஓடும், சைக்கிள் மிதிக்கும், நீந்தும் பெண்ணுக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப இதயத்துக்கு அது கைகொடுக்கிறது. வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அளவும் கூடுகிறது. பயிற்சி இல்லாத பெண்களிடம் சுழற்சியின் இரு பாதிகளுக்கும் இடையே வியர்வையிலும் தோல் இரத்த ஓட்டத்திலும் காணப்படும் வேறுபாடு, நன்கு பயிற்சி பெற்றவர்களிடம் சுருங்கிவிடுகிறது. ஹார்மோன் நகர்த்திய கோட்டைப் பயிற்சி பெருமளவு பின்னுக்கு இழுத்துவிடுகிறது என்று சொல்லலாம். நாட்காட்டியைப் பார்த்து ஓய்வெடுப்பதைவிட நாட்காட்டி முழுவதும் மிதமாகப் பயிற்சி செய்வது நல்லது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஒரு பொறியும் உண்டு. ஒரே வேகத்தில் ஓடும் ஒரே எடையுள்ள இரண்டு பெண்கள் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தை உண்டாக்குவார்கள். தகுதி கூடியவர் அந்த வேகத்தில் நிற்க மாட்டார், கூட்டுவார். வேகம் கூடினால் வெப்பமும் கூடும். மைதானத்தில் மயங்கி விழுபவர்களில் அணியின் சிறந்த வீராங்கனையும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தொடங்குபவர்கள் வாரத்தில் நான்கைந்து நாள், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் அரை மணி நேரம் நடங்கள் அல்லது ஓடுங்கள். வள்ளி கும்மிப் பயிற்சிக்கு மாலையில் போகிறவர்கள் அதையே ஒரு பயிற்சியாகக் கணக்கிடலாம். இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து கைதட்டி ஆடுவது லேசான வேலை இல்லை. அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் பட்டுப்புடவையோடு ஒரு முழு ஒத்திகை பாருங்கள். பருத்திச் சுடிதாரில் பழகிய உடலுக்குப் புடவையின் சூடு புதிது.

படி 4: வெயிலுக்குப் பழக்கப்படுத்துங்கள்

உடல் வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் நான்கைந்து நாளில் பிளாஸ்மா பெருகி நாடித் துடிப்பு இறங்கும். அடுத்த வாரத்தில் வியர்வை கூடும், அதில் உப்புக் குறையும். பெண்களுக்கு இந்தப் பழக்கம் முழுமையடையச் சில நாள் கூடுதலாக ஆகலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன; எனவே இரண்டு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 20 நிமிடம், வழக்கமான வேகத்தில் பாதி. ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் வெயிலைவிட்டு விலகினால் பழக்கம் கரைந்துவிடும்.

எல்லோரும் அக்னி நட்சத்திரத்துக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிட மாசிக் கடைசியும் பங்குனியும்தான் கவலை: வெயில் திடீரென்று ஏறும், உடம்பு இன்னும் மார்கழிக் குளிரிலேயே இருக்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கும் பெண்கள் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வெயிலில் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். வெறும் விரதம் மட்டும் போதாது.

படி 5: அந்தப் பத்து நாளுக்குச் சிறு திருத்தங்கள்

உங்கள் கோடு உயர்ந்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை பெரிதாக எதுவும் இல்லை.

நீண்ட ஓட்டத்தையும் கடும் வேகப் பயிற்சியையும் விடியற்காலைக்கு மாற்றுங்கள். உடல் வெப்பநிலை நள்ளிரவுக்குப் பின் இறங்கி விடியலுக்கு முன் மிகத் தாழ்ந்தும், மாலை ஐந்து ஆறு மணிக்கு உச்சத்திலும் இருக்கும். மாலை, இரண்டாம் பாதி, சூடேறிய தார்ச்சாலை மூன்றும் சேர்ந்தால் உடல் தாங்கக்கூடிய சூட்டின் கையிருப்பைத் தொடக்கத்திலேயே தின்றுவிடுகிறீர்கள். திருப்பூரில் அயர்னிங் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு நேராக ஜிம்முக்குப் போகும் பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். இடையில் குளித்து, அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள்.

தொடங்குவதற்கு முன் குளிர்ந்த நீரோ, நொறுக்கிய ஐஸ் போட்ட மோரோ மெல்லக் குடித்தால் உயர்ந்த தொடக்கக் கோடு சற்று இறங்கும். முன்கைகளைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் வைப்பதும் உதவும். முதல் பத்து நிமிடத்தை வழக்கத்தைவிட மெதுவாக ஓடுங்கள். கைக்கடிகாரம் காட்டும் நாடி சில துடிப்புகள் கூடுதலாக இருக்கலாம். தகுதி குறைந்துவிட்டது என்று மனம் உடைய வேண்டாம். போட்டி அந்த நாளில் வந்தாலும் கலந்துகொள்ளுங்கள். உலக அளவில் பெண்கள் சுழற்சியின் எல்லா நாட்களிலும் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள்.

மாதவிடாய் நாட்களில் வெப்பம் தடையே இல்லை. வயிற்றுவலி, அதிக இரத்தப்போக்கு, நாப்கின் உரசல் ஆகியவைதான் உண்மையான தடைகள். அவற்றைப் பொறுத்து முடிவெடுங்கள். இரத்தப்போக்கு மிகுதியாக உள்ளவர்கள் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது. கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருக்கிறது. ஆக்சிஜன் சுமக்க ஆள் குறைந்தால் இதயம் அதே வேலைக்குக் கூடுதலாகத் துடிக்கும். தோலுக்கு அனுப்ப இரத்தம் மிஞ்சாது. கம்பு, முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு டீ குடித்து இரும்புச்சத்தை வீணாக்காதீர்கள்.

படி 6: தண்ணீர்

சுழற்சியின் இரண்டாம் பாதியில் தாகம் தொடங்கும் புள்ளியும் சற்று நகர்கிறது, பிளாஸ்மாவும் கொஞ்சம் குறைகிறது. அதற்காகக் குடம் குடமாகக் குடிக்க வேண்டியதில்லை. அளந்து பாருங்கள். பயிற்சிக்கு முன் கழிவறை போய்விட்டுக் குறைந்த உடையில் எடை பாருங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்து மறுபடி பாருங்கள். 55.0 கிலோ 54.4 ஆகி, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை 900 மில்லி. எடையில் 2 சதவீதத்துக்கு மேல், அதாவது 55 கிலோவுக்கு 1.1 கிலோவுக்கு மேல் இறங்கினால் குடித்தது போதவில்லை. எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அது அதைவிட ஆபத்து. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி நிறையக் குடித்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்புப் போட்ட மோர், நீராகாரம், கம்பங்கூழ் எல்லாம் நல்லவை. பொள்ளாச்சி இளநீரின் புகழுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம்; வியர்வையில் நாம் இழக்கும் சோடியமோ அதில் குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கரைசல் செய்வதானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை; அனைத்தும் தலைதட்டிய அளவு.

இவ்வளவு எழுதினாலும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு முதல் காரணம் அறியாமை இல்லை. மைதானத்தில் கழிவறை இல்லை, இருந்தால் பூட்டியிருக்கிறது. பெண்களுக்குப் பயிற்சி நடத்துபவர்கள் விசில் வாங்குவதற்கு முன் சாவியை வாங்க வேண்டும்.

படி 7: உடை

பனியன் ஊரில் இருந்துகொண்டு இதைத் தவறவிடக்கூடாது. அரை மணி நடைக்குத் தளர்வான பருத்தி அருமை. நீண்ட ஓட்டத்தில் பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கனத்து ஒட்டிக்கொள்ளும். மெல்லிய, துளையுள்ள பாலியஸ்டர் துணி பரவாயில்லை. வெளிர் நிறம், தளர்வு, காற்று நுழைய இடம் ஆகியவையே அளவுகோல். மார்பிலும் முதுகிலும் வியர்வை அதிகம் வருவதால் பஞ்சு வைத்துத் தடித்த ஸ்போர்ட்ஸ் பிராவைக் கோடையில் தவிருங்கள். வியர்க்க வியர்க்க எடை குறையும் என்று பிளாஸ்டிக் ஜாக்கெட் போடுவது வெறும் முட்டாள்தனம், குறைவது தண்ணீர்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

நாற்பதுகளின் பிற்பகுதியில் மாதவிடாய் நிற்கும் காலத்தில், வியர்க்கும் புள்ளிக்கும் நடுங்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட வெளி குறுகிவிடுகிறது. சின்ன வெப்ப மாற்றத்துக்கே முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். வயதோடு வியர்வையும் குறைவதால் கோடையில் கூடுதல் இடைவெளி எடுங்கள். பயிற்சியை நிறுத்த வேண்டாம். கருவுற்றவர்கள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், உடல் வெப்பம் 39 டிகிரியைத் தொடவிடக்கூடாது. குளிர்ந்த நேரத்தில் மருத்துவர் அனுமதித்த நடை போதும். கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் நிம்மதி என்று விடாதீர்கள். பெரும்பாலும் உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதன் அடையாளம் அது; எலும்பு வரை பாதிக்கும். மருத்துவரைப் பாருங்கள்.

படி 8: விழுந்தால் என்ன செய்வது

தலைவலி, குமட்டல், வெயிலிலும் சிலிர்ப்பு, கால் பின்னுதல் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி நிழலுக்கு வாருங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், நிலைதடுமாறி விழுந்தால் வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் அதைக் காட்டாது. ஓடி விழுந்தவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். வியர்க்கிறது, பயமில்லை என்று ஏமாறாதீர்கள்.

முதலில் தணிக்க வேண்டும், பிறகே ஏற்றிப் போக வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அவரைத் தூக்கிக் கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமர்த்தட்டும். நம் ஊரில் பம்ப்செட் தொட்டி இருக்கும் தோட்டம் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயில் படுக்கவைத்து, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி அசையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஹோஸ் பைப்பால் விடாமல் நனைத்து விசிறுங்கள். அரை மணி நேரத்துக்குள் உடல் தணிந்துவிட்டால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. ஆம்புலன்ஸ் வந்ததும் எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை நிமிடம் நீரில் வைத்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுபவர் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.